திங்கள், புதன், சனி: யாழ்ப்பாணத்துக் கரையில் நின்று சர்வதேச உறவுகளை ஆராய்வது

யாழ்ப்பாணத்தில் அரசறிவியல் இறுதி வருடம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டது இது: "ஆய்வேட்டுக்கு 'இந்து சமுத்திரத்தில் இந்திய–சீனப் போட்டியும் இலங்கையும்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சர்வதேச உறவுகள் ஆய்வு இன்றைக்கு உலகத்தில் எங்கே நிற்கிறது? டில்லிக்கோ பெய்ஜிங்குக்கோ போக வசதியில்லாத நான், இங்கே இருந்துகொண்டு புதிதாக என்ன சொல்ல முடியும்?"

தங்கச்சி, உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. இங்கே இருந்தால்தான் சொல்லக்கூடிய விடயங்கள் நிறைய இருக்கின்றன என்று நம்புகிறவன் நான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் தலைப்பு. அதில் இன்னும் கேள்வி வரவில்லை. இப்படியான தலைப்பில் வந்த ஆய்வேடுகள் பல வாசித்திருக்கிறேன். முதல் அத்தியாயம் வரலாறு, இரண்டாவது இந்தியாவின் நலன், மூன்றாவது சீனாவின் நலன், கடைசியில் 'இலங்கை இரண்டு நாட்டோடும் சமநிலை பேண வேண்டும்' என்ற அறிவுரை. எழுதிய பிள்ளைகள் பாடுபட்டுத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த ஆய்வேட்டில் எந்த வரியையும் யாராலும் பிழை என்று காட்ட முடியாது. பிழை என்று காட்ட முடியாத ஒன்றை நிரூபிக்கவும் முடியாது. உலகத்தில் இன்று இந்தத் துறை நகர்ந்திருக்கும் தூரத்தை ஒரு வசனத்தில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: 'மற்றவர்கள் சோதித்துப் பிழை என்று காட்டக்கூடிய மாதிரி உன் வாதத்தை வை' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள். ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு 2012 இலும் 2013 இலும் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2014 மார்ச்சில் அதே இந்தியா வாக்களிப்பில் கலந்துகொள்ளாமல் நடுநிலை வகித்தது. டில்லியில் அதே மன்மோகன் சிங் அரசு. ஜெனீவாவில் அதே பேரவை. ஏன் மாறியது?

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வரும்: 2013 மார்ச்சில் தி.மு.க. மத்திய கூட்டணியை விட்டு வெளியேறிவிட்டது, அதனால் டில்லிக்குச் சென்னையின் நெருக்கடி குறைந்துவிட்டது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 2014 தீர்மானத்தின் உள்ளடக்கமே வேறு என்பதையும் பார்க்க வேண்டும். அதுதான் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் நேரடியாக விசாரணை நடத்த வேண்டும் என்று கேட்டது. ஒரு நாட்டின் இறைமைக்குள் வெளியார் அவ்வளவு தூரம் நுழைவதை இந்தியா பொதுவாகவே விரும்புவதில்லை. அன்றைக்குக் கொடுத்த விளக்கத்திலும் அதைச் சொன்னது. மூன்றாவதாக, 2013 செப்டெம்பரில் வடமாகாண சபைத் தேர்தல் நடந்திருந்தது. டில்லி கேட்டுக்கொண்டிருந்த ஒன்று அது. இப்போது உங்கள் கையில் மூன்று விளக்கங்கள். கூட்டணி விளக்கம் சரியென்றால், தி.மு.க. வெளியேறிய பிறகு வந்த மற்ற விடயங்களிலும் டில்லியின் போக்கு மாறியிருக்க வேண்டும். இறைமை விளக்கம் சரியென்றால், இலங்கைக்குத் தொடர்பில்லாத வேறு நாடுகள் மீதான இப்படியான தீர்மானங்களிலும் இந்தியா அப்படியே நடந்திருக்க வேண்டும். போய்ப் பார்க்கலாம், வாக்குப் பதிவுகள் பகிரங்கமாகவே கிடைக்கின்றன. ஒரு சின்னக் கேள்வி, மூன்று பதில்கள், ஒவ்வொன்றும் சரியென்றால் வேறெங்கே என்ன தென்பட வேண்டும் என்ற கணக்கு. இதைச் செய்யத் தெரிந்தால் இன்றைய அரசறிவியலின் பாதி உங்கள் கைக்கு வந்துவிட்டது.

கோட்பாடுகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். யதார்த்தவாதம் (அதிகாரப் போட்டிதான் முக்கியம்), தாராளவாதம் (ஒத்துழைப்பும் நிறுவனங்களும் முக்கியம்), கட்டுமானவாதம் (கருத்துகளும் அடையாளங்களும் முக்கியம்) என்ற மூன்று முகாம்களும் ஒன்றையொன்று தோற்கடிக்க நின்ற காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது பெரும்பாலானோர் நடுத்தர அளவுக் கேள்விகளை எடுக்கிறார்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் ஆயுத மோதல்கள் பற்றியும், கோத்தன்பர்க்கில் இருக்கும் வி-டெம் நிறுவனம் ஜனநாயகத்தின் தரம் பற்றியும் வருடந்தோறும் தரவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. இன்னொரு பக்கம், இந்தத் துறை ஐரோப்பாவின் அனுபவத்தை உலகத்தின் அனுபவமாக நினைத்துவிட்டது என்ற விமர்சனம் பலமாக வந்திருக்கிறது. இந்தியாவில் பிறந்த அறிஞர் அமிதாவ் ஆச்சார்யா 2014 இல் 'உலகளாவிய சர்வதேச உறவுகள்' என்ற கருத்தை முன்வைத்தது இந்தத் திசையில்தான். 'சின்ன நாடுகள் பெரிய நாடுகளின் சதுரங்கக் காய்கள்' என்ற பார்வையும் மாறி, சின்ன நாடுகள் தங்களுக்கென்று என்ன விளையாட்டு விளையாடுகின்றன என்று பார்க்கிறார்கள்.

அம்பாந்தோட்டைத் துறைமுகம் இதற்கு நல்ல சாட்சி. சீனா கடன் கொடுத்து, இலங்கையால் அதைத் திருப்பிக் கட்ட முடியாமல் போனதும் துறைமுகத்தைப் பறித்துவிட்டது என்ற கதை உலகம் முழுக்க ஓடியது. டெபோரா பிரௌட்டிகம் போன்ற ஆய்வாளர்கள் ஆவணங்களைப் புரட்டியபோது வேறு படம் வந்தது. 2017 இல் 99 வருடக் குத்தகைக்குக் கிடைத்த 112 கோடி டொலர் அந்தத் துறைமுகக் கடனை அழிக்கப் பயன்படவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. கொழும்பை அன்று நெருக்கியதில் பெரிய பங்கு சர்வதேச முறிகளுக்கு, அதாவது வெளிநாட்டுச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுக்கு. துறைமுகம் வேண்டும் என்ற ஆசையும் கொழும்பிலிருந்துதான் கிளம்பியது. சீனா நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. ஊரே ஒப்புக்கொண்ட கதையைக்கூட ஆவணத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது.

சரி, இனி நம்முடைய கரைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தையில் நைலோன் வலை ஒன்று குவித்துக் கிடந்தது. மேல் கயிறு இருந்தது, மிதவைகள் இருந்தன, நடுவில் இரண்டு ஆள் நீளத்துக்கு வலையைக் காணவில்லை. கிழிந்த இடத்தில் நூல்கள் எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டுச் சுருண்டிருந்தன. வீட்டுக்கார ஐயா அதை விரலால் நீவி நீவிக் காட்டினார். நான் கேட்கப் போனது இந்திய–இலங்கை உறவைப் பற்றி. அவர் சொன்னது கிழமைக் கணக்கு: "திங்கள், புதன், சனி நாங்கள் வலை விடுறேல்லை தம்பி."

ஏன் அந்த மூன்று நாள்? இராமேஸ்வரத்துப் பக்கத்தில், கடலடியோடு வலையை இழுத்துப் போகும் இழுவைப் படகுகளுக்கும் (விசைப்படகுகள் இவைதான்) நாட்டுப் படகுகளுக்கும் இடையில் 1970களில் கடும் சண்டை. அதைத் தணிக்க நாளைப் பிரித்துக்கொண்டார்கள்: விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள்கள் நாட்டுப் படகுக்கு. அந்தக் கரையின் உள் சண்டையைத் தீர்க்க வைத்த ஒழுங்கு அது. விசைப்படகுகள் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்து வலைகளை அறுப்பதும் அந்த மூன்று நாளில்தான். இன்றைக்கு இந்தக் கரையில் ஒரு வீட்டில் எந்த நாள் உழைப்பு, எந்த நாள் பட்டினி என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. டில்லியும் கொழும்பும் அந்த ஒழுங்கில் கையெழுத்து வைக்கவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் அது கிடையாது. ஆனால் ஐயாவுக்கு இந்தியா என்பது அந்த மூன்று நாள்தான். சர்வதேச உறவுகள் பாடநூல் எதிலும் இதற்கு ஒரு இடம் இல்லை. அந்த இடத்தை நீங்கள் எழுதலாம்.

பின்னணியைச் சுருக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் கச்சதீவோடு நின்றுவிடுகிறார்கள். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு போடப்பட்டது. 285 ஏக்கர் அளவான கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. அந்த ஒப்பந்தத்தின் 5 ஆவது, 6 ஆவது பிரிவுகளை மொழிபெயர்ப்பில் பார்க்காமல் மூலத்தில் வாசியுங்கள். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சதீவுக்குப் போகலாம் என்று 5 சொல்கிறது. இரு நாட்டுப் படகுகளுக்கும் மற்றவர் கடலில் பாரம்பரியமாக இருந்த உரிமைகள் தொடரும் என்று 6 சொல்கிறது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்தபோது மாற்றிக்கொண்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யக் கூடாது என்று சொல்லின. அந்த மார்ச்சில் தமிழ்நாட்டில் தெரிவு செய்யப்பட்ட அரசே இல்லை. ஜனவரி 31 இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, நெருக்கடி நிலையின் நடுவே குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் இன்றுவரை அது ஆறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஐயாவின் வலையைக் கிழித்தது எல்லைக்கோடு இல்லை, அந்த விசைப்படகுகள் இழுக்கும் இழுவைமடி வலை. 1950களில் கேரளக் கரையில் இந்திய–நோர்வே திட்டம் தொடங்கியது. அந்தக் காலத்தில் வந்த இழுவைத் தொழில் இறால் ஏற்றுமதியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் கரைக்கும் பரவியது. நோர்வே என்றால் நமக்கு 2002 சமாதானப் பேச்சுத்தான் ஞாபகம் வரும். இந்தக் கடலின் கதையில் அதன் பெயர் அதற்கு ஐம்பது வருடம் முன்பே வந்துவிட்டது. 1983 தொடங்கி நம்முடைய ஆட்கள் கடலுக்குப் போக முடியாமல் தடைகளும் பாதுகாப்பு வலயங்களும் வந்தன. அந்தக் காலி இடத்தில் அந்தக் கரைப் படகுகள் பெருகின. 2009 க்குப் பிறகு நம்மவர்கள் கடன்பட்டு வள்ளமும் வலையும் வாங்கித் திரும்பி இறங்கியபோது கடல் காலியாக இருக்கவில்லை.

இப்போது கோட்பாட்டுக்கு வருவோம். ரொபேர்ட் புட்னம் 1988 இல் சொன்ன ஒரு எளிய படம் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகும் தலைவர் ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்: ஒன்றில் எதிரே வெளிநாடு, மற்றதில் எதிரே சொந்த நாட்டுக் கட்சிகளும் மக்களும். இரண்டு மேசையிலும் செல்லக்கூடிய ஒன்றைத்தான் அவரால் ஒப்புக்கொள்ள முடியும். பாக்கு நீரிணைக்கு இந்தப் படத்தைக் கொண்டுவந்து வையுங்கள், உடனே கால் இடறும். இங்கே மேசை இரண்டில்லை, நான்கு: டில்லி, சென்னை, கொழும்பு, யாழ்ப்பாணம். நான்கும் ஒரே உயரமும் இல்லை.

சென்னை டில்லியை உலுக்க முடியும். கடற்கரையோரத் தொகுதிகள் இருக்கின்றன, சட்டமன்றம் இருக்கிறது. கச்சதீவை மீட்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் தீர்மானமே நிறைவேற்றியது. அதற்கு முந்திய வருடம் இந்தியப் பொதுத்தேர்தல் பிரசாரத்தில் பிரதமரே கச்சதீவு விவகாரத்தைக் கிளப்பினார். இந்திய அரசமைப்பில் மீன்பிடி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆட்புலக் கடலுக்கு (கரையை ஒட்டிய நாட்டின் சொந்தக் கடலுக்கு) அப்பாலான மீன்பிடி மத்திய பட்டியலில். தமிழ்நாட்டின் 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது. இராமேஸ்வரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கடல் மைலில் சர்வதேச எல்லை வந்துவிடுகிறது. இடையில் எஞ்சும் அந்தப் பட்டைக்குள் அத்தனை இழுவைப் படகுகளும் எப்படிப் பிழைப்பது? சென்னையின் சட்டத்தையும் டில்லியின் எல்லையையும் வரைபடத்தில் அடுத்தடுத்து வரைந்து பார்த்தால், எல்லை தாண்டுவது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருப்பது தெரியும்.

இந்தப் பக்கம் யாழ்ப்பாணம் கொழும்பை அப்படி உலுக்க முடியவில்லை. இலங்கை அரசமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் வந்த மாகாண சபைக்கு வெளிவிவகாரத்தில் அதிகாரம் இல்லை. வடமாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. இதைவிட ஆழமான ஒரு முடிச்சும் உண்டு. தமிழ்த் தேசிய அரசியலுக்கு வெளியில் இருக்கும் பெரிய ஆதரவு தமிழ்நாடு. அந்த ஆதரவை நோகடிக்காமல் 'உங்கள் படகுகளை நிறுத்துங்கள்' என்று சொல்வது எப்படி? எங்கள் அரசியல்வாதிகள் பலர் வருடக்கணக்காக இதில் தயங்கினார்கள். 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுப் பேரணி நடந்தபோதுகூட, அதை யார் நடத்தினார்கள், யார் வரவில்லை என்று பார்த்தால் அந்தத் தயக்கத்தின் அளவு தெரியும். கரையோரச் சமூகங்களின் குரலுக்கு யாழ்ப்பாண அரசியலின் நடுவீட்டில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது என்ற கேள்வியையும் கூச்சப்படாமல் கேளுங்கள். அதைக் கேட்காமல் எழுதும் எந்த விளக்கமும் அரைகுறையாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

நெதர்லாந்து, இந்திய, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து சென்ற தசாப்தத்தின் தொடக்கத்தில் இந்தக் கடலில் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். யோரி ஸ்கோல்டன்ஸ், மார்ட்டன் பாவிங்க், ஏ.எஸ். சூசை ஆகியோரின் கட்டுரைகளைத் தேடி வாசியுங்கள். அவர்கள் பெரும்பாலும் வள ஆட்சி, அதாவது மீன்வளத்தை யார் எப்படி நிர்வகிப்பது என்ற கோணத்தில் பார்த்தார்கள். வெளியுறவு பேரம் பேசும் மேசைகளின் கோணம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம்முடைய கரை முழுவதும் பாதிக்கப்பட்ட ஒரே குரல் என்று எழுதிவிடாதீர்கள். குருநகர்ப் பக்கத்தில் உள்ளூர் இழுவைமடிப் படகுகள் இருக்கின்றன. 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடை செய்தபோது அந்தச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தியது. ஆனாலும் உள்ளூர் இழுவை முற்றாக நிற்கவில்லை, பக்கத்து ஊர்ச் சங்கங்கள் அதற்காகச் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. மறுபக்கத்தில் படகில் கூலிக்கு ஏறும் ஆட்களும் பாவப்பட்ட சனம்தான். படகுச் சொந்தக்காரர் வேறு, சிறைக்குப் போகிறவர் வேறு. 2024 இல் மட்டும் 500 க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. அதே வருடம் ஜூனில் ஒரு இலங்கைக் கடற்படை வீரரும் ஓகஸ்டில் ஒரு இராமேஸ்வரத்து மீனவரும் இந்தக் கடலில் செத்துப்போனார்கள். இருவருடைய வீட்டையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கேள்வியாக இதை எப்படிப் பிடிப்பது? எனக்குப் பிடித்த ஒன்று: 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் டில்லியில் சந்தித்து, இழுவைமடியை விரைவாக முடிவுக்குக் கொண்டுவருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள், கூட்டுப் பணிக்குழுவும் வைத்தார்கள். 2017 ஜூலையில் இலங்கை சட்டம் போட்டது. அதே மாதம் இந்தியப் பிரதமர் இராமேஸ்வரத்துக்கு வந்து, மூன்று வருடத்தில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கினார். இவ்வளவு ஒத்துப்போய் இருந்தும் அந்த இலக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. ஏன்? பணமா, ஆழ்கடல் தொழில் பழக்கமின்மையா, படகுச் சொந்தக்காரரின் கணக்கா, சென்னை–டில்லி இழுபறியா? மாதம் மாதமாக என்ன நடந்தது, யார் எந்தக் கட்டத்தில் பின்வாங்கினார் என்று அடிச்சுவடு பிடித்துக்கொண்டு போவதைத்தான் இன்று செயல்முறைத் தடமறிதல் என்கிறார்கள். காவல்துறை விசாரணை மாதிரித்தான் அது. இந்தத் தடயம் இங்கே கிடந்தால் இன்னார் வந்திருக்க வேண்டும். கிடக்காவிட்டால் அவரை விட்டுவிடலாம்.

எண் பிடிக்கும் என்றால் இன்னொன்று இருக்கிறது, இது எனக்கு மிகவும் ஆசையானது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வருடந்தோறும் ஏப்ரல் 15 இலிருந்து இழுவைப் படகுகளுக்குத் தடை. முன்பு 45 நாள். 2017 இலிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. 2020 இல் கொரோனா காரணமாக மே 31 உடன் முடித்துவிட்டார்கள். அந்தத் தடைக் காலத்தில் நம்முடைய ஆட்கள் திங்கள் புதன் பார்ப்பதில்லை, நிம்மதியாக வலை விடுகிறார்கள். அப்படியானால் ஜூன் மாதத்தின் முதல் இரண்டு கிழமையைப் பிடியுங்கள். 2016 வரை அந்த நாள்களில் இழுவைப் படகு வந்தது. 2017, 2018, 2019 இல் வரவில்லை. 2020 இல் திரும்ப வரலாயிற்று. பிறகு மறுபடி நின்றது. இந்த முடிவுகள் எதையும் யாழ்ப்பாணத்துப் பிடிபாட்டைப் பார்த்து எடுக்கவில்லை. அதாவது வெளியார் ஒருவர் சுவிட்சைப் போட்டு நிறுத்தியதுபோல. இப்படித் தானாக அமைந்த பரிசோதனைகளைத் தேடித்தான் இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் அலைகிறார்கள். உங்களுக்கு அது வீட்டு வாசலில் கிடக்கிறது.

கவனமும் தேவை. அந்தக் காலத்தில்தான் சோளகக் காற்றும் எழும்பும். மீன் கூடினது படகு வராததாலா, காற்று, பருவம் மாறினதாலா என்று சந்தேகம் வரும். அதற்காக, இழுவைப் படகு எட்டாத வேறொரு கரையின் கணக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். 2020 இல் இங்கேயும் ஊரடங்கு இருந்ததால் அந்த வருடத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லவும் கூடாது. மாவட்டப் பிடிபாட்டுக் கணக்குக் கடற்றொழில் திணைக்களத்தில் கேட்கலாம். ஆனால் நான் முதலில் போவது சங்கத்து ஏலக் கணக்குப் புத்தகத்துக்கு. எண்ணெய்க் கறையோடு, மீன் மணத்தோடு ஒரு மூலையில் அடுக்கியிருப்பார்கள். எந்த நாள், என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று கையால் எழுதியிருக்கும். டில்லியில் இருந்து வரும் எந்தப் பேராசிரியருக்கும் அந்தப் புத்தகத்தை இலகுவில் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்குத் தரலாம், நாலு நாள் போய் உட்கார்ந்து கதைத்தால்.

இந்திய–சீனப் போட்டியை விடவே மனமில்லை என்றால் அதற்கும் ஒரு கையளவு வழி இருக்கிறது: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. 2021 ஜனவரியில் இந்த மூன்று தீவுக்கும் சூரிய, காற்று மின் திட்டத்தை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை முடிவெடுத்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியுடையது. தமிழ்நாட்டிலிருந்து சுமார் 50 கிலோமீற்றரில் சீன நிறுவனம் வருவதை இந்தியா எதிர்த்தது. வருடக் கடைசியில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்படுகிறது என்று சீனத் தூதரகம் அறிவித்தது. அதே டிசெம்பரில்தான் சீனத் தூதுவர் வேட்டியோடு நல்லூர்க் கோயிலுக்கு வந்தார். 2022 மார்ச்சில் இந்தியா அந்தத் திட்டத்தை நன்கொடையாக எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் ஓர் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கடனாக வர இருந்தது நன்கொடையாக மாறியது. போட்டியைக் காட்டி விலையை உயர்த்திக்கொள்ளும் சின்ன நாட்டின் வித்தை என்று இதை ஒருவர் எழுதலாம். 2022 மார்ச்சில் டொலர் தீர்ந்துபோய் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்டுக்கு வித்தை காட்டத் தெம்பு இருந்ததா என்று இன்னொருவர் கேட்கலாம். நான் இரண்டாவது பக்கம் சாய்வேன். நெடுந்தீவுச் சனத்துக்கு இந்தச் சூரிய, காற்று மின்சாரம் வருவது தள்ளிப்போன அந்த மூன்று வருடத்தை எந்தக் கோட்பாடு கணக்கில் எடுக்கிறது என்பதும் ஒரு கேள்வி. குமுதினிப் படகேறிப் போய்க் கேட்டு எழுதினால் இந்த நாட்டில் முதன்மையான ஆய்வு ஒன்றாக அது வரும்.

மூலங்கள் பற்றி இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டுச் சட்டமன்ற விவாதங்கள் தமிழில் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் பழைய இதழ்களை நூலகம் நிறுவனத்தின் மின்நூலகத்தில் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். சர்வதேச ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஆங்கில மூலங்களோடு நின்றுவிடுகிறார்கள். இரு கரையின் தமிழையும் வாசிக்கத் தெரிந்தவர் மிகக் குறைவு. இந்த வசதியை நீங்கள் சின்னதாக நினைக்காதீர்கள்.

கடைசியாக, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. ஆட்களோடு கதைத்து எழுதும்போது அவர்களுடைய பாதுகாப்புத்தான் முதல். அமெரிக்காவின் பொஸ்ரன் கல்லூரியில் வட அயர்லாந்துப் போராளிகளின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தார்கள். சாகும்வரை வெளியே விடமாட்டோம் என்று நம்பிக்கை கொடுத்துத்தான் பேச வைத்தார்கள். 2011 இல் பிரித்தானியா கேட்டு, அமெரிக்க நீதிமன்ற அழைப்பாணை வந்தது. பின்னர் ஒலிநாடாக்களில் ஒரு பகுதி காவல்துறையின் கைக்குப் போனது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஆய்வாளருக்குச் சட்டத்தில் வலு இருக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து இருக்கும் நாட்டில், காப்பாற்ற முடியாத வாக்கை நீங்கள் யாருக்கும் கொடுக்காதீர்கள். தேவையில்லாத பெயரைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம். கைபேசியில் ஒலிப்பதிவு செய்வதற்கு முன்னால், இந்தப் பதிவு வேறொருவர் கையில் கிடைத்தால் இந்த மனிதருக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். போருக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து, 'ஐயா, இதுதான் எழுதினேன்' என்று காட்டினவர்கள் குறைவு. நானும் ஒருமுறை அப்படித் திரும்பிப் போகாமல் விட்டிருக்கிறேன். அந்த வீட்டு அம்மா பிறகு சந்தையில் கண்டபோது, "எங்கட கதை என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டார். பதில் இல்லாமல் நின்றேன். எழுதின அத்தியாயத்தைத் தமிழில் அச்செடுத்துக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள், பிழை இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

இந்தக் கிழமை செய்யக்கூடியது: 1974 ஒப்பந்தத்தையும் 1976 கடிதங்களையும் முழுதாக வாசியுங்கள், மூன்று நான்கு பக்கத்துக்கு மேல் வராது. 'ஏன்' என்று தொடங்கும் ஒரே ஒரு வசனத்தில் உங்கள் கேள்வியை எழுதிப் பாருங்கள். அப்புறம் கரைக்குப் போங்கள். முதல் தரம் போகும்போது ஒரு திங்களோ புதனோ பார்த்துப் போனால் நல்லது. கடலுக்குப் போகாமல் ஆட்கள் நிழலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருப்பார்கள், கதைக்க நேரம் இருக்கும்.